மனசில்லாத ஒரு சரி

பாஸ் எந்த வழக்கையும் ஆசைப்பட்டு எடுத்ததாகச் சரித்திரம் இல்லை. வருகிறவர்கள் அழுவார்கள், கெஞ்சுவார்கள், எங்கள் ஆபீஸ் நாற்காலியின் ஆடுகிற காலைப் பொறுத்துக்கொள்வார்கள். பாஸ் ஜன்னலைப் பார்த்தபடி, "வேற யாரையாவது பாருங்களேன்" என்பார். அப்புறம் பெருமூச்சு விட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். நான் அவருடைய உதவியாளர். என்னை "வாயாடி" என்றுதான் கூப்பிடுவார். ஏன் என்று விளக்க ஆரம்பித்தால் அவர் சொல்வது உண்மையாகிவிடும், அதனால் விட்டுவிடுகிறேன்.

அன்று காலை வந்தவள் அழவில்லை. கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. அதைக் கழற்றக்கூட மறந்து பஸ் ஏறி வந்திருக்கிறாள். உட்கார்ந்ததும் போனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதைக் கேட்டுட்டு, எங்கப்பா நிஜமாவே இப்படிச் சொன்னாரான்னு மட்டும் சொல்லுங்க."

"வேற யாரையாவது பாருங்களேன்" என்றார் பாஸ்.

அவள் காதில் வாங்காமல் போனைத் தட்டினாள். முதலில் ஓர் ஆண் குரல் கேட்டது. "அப்பா, வீட்டையும் ஸ்டூடியோவையும் நான் எடுத்துக்கட்டுமா?"

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு வேறொரு குரல், கனமாக, எங்கோ தள்ளி நின்று பேசுவது போல, "ச...ரி" என்றது. மறுபடி ஓர் இடைவெளி. அப்புறம் அதே குரல் நம் காதருகே வந்து, "எடுத்துக்கோ" என்றது.

"முதல்ல பேசுறது எங்கண்ணன். வெளியூர்ல இருக்கான். போன மாசம் அப்பாவுக்கு வாதம் வந்து பேச்சு போயிடுச்சு. அதுக்கு முந்தின வாரம் வீட்டு போனுக்குக் கூப்பிட்டுக் கேட்டானாம், அவரும் சரின்னாராம். அதைப் பதிவு பண்ணி வச்சிருக்கேன்னு போட்டுக் காட்டுறான். இன்னைக்குச் சாயங்காலம் சித்தப்பா வராரு, பத்திரத்துல அப்பா கைரேகையை வாங்க. அப்பா தன் வாயால சரின்னு சொல்லியிருந்தா நானே விரலைப் பிடிச்சு வைக்கிறேன்னுட்டாரு. வீட்டை வித்துட்டு அப்பாவை எங்கேயோ ஒரு இல்லத்துல சேர்க்கப்போறாங்க."

"இப்பல்லாம் கம்ப்யூட்டரே அப்பா மாதிரி பேசுதே" என்றேன்.

"ஒலிப்பதிவுதான் என் வேலை. கம்ப்யூட்டர்னா எனக்குத் தெரிஞ்சிடும். இது வெட்டி ஒட்டினதும் இல்ல, ஒரே மூச்சு. மூக்குல அவருக்கு ஒரு சின்ன விசில் வரும், அதுகூட இருக்கு." அவள் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியது. "வீடு போனாக்கூட நான் எங்கேயாவது பொழைச்சுக்குவேன். ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம அவர் சரின்னு சொல்லியிருப்பாரா? அது தெரியாம என்னால அவருக்குச் சோறு ஊட்ட முடியல."

பாஸ் ஜன்னலைப் பார்த்தார். பெருமூச்சு வந்தது. செருப்பைத் தேடினார்.

*

வீடு, தையல் கடையை ஒட்டிய சந்துக்குள் இருந்தது. கூடத்தில் பழைய டெலிபோன், சுருள் வயரோடு கூடிய ரிசீவர். "அப்பா செல்போனைத் தொடவே மாட்டாரு" என்றாள் மகள். பாஸ் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். எதுவும் பேசாமல் கீழே வைத்தார். யாருக்காவது போன் செய்ய வேண்டி வந்துவிடுமோ என்று பயந்துவிட்டார் போலிருக்கிறது.

உள் அறையில் அப்பா படுத்திருந்தார். நெற்றி விரிந்த, எடுப்பான முகம். எங்களைப் பார்த்தார். பார்வை தெளிவாகத்தான் இருந்தது. கதவருகே அண்ணன் நின்றுகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை, தூங்காத கண்கள்.

"துப்பறியவா?" என்றான். "ஏம்மா, குடும்ப விஷயத்துக்கு இதெல்லாம் தேவையா?"

"தேவையில்லதான்" என்றார் பாஸ் உடனே. "நானும் அதைத்தான் சொன்னேன். சரி, அவர்கிட்ட நேரா கேட்டீங்களா?"

"சித்தப்பா கேட்டாரு, போன வாரம். வீட்டை இவனுக்குக் கொடுத்துடலாமா அண்ணேன்னு. அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டாரு."

"அதுக்கு மாட்டேன்னு அர்த்தம்" என்றாள் மகள்.

"அதுக்கு ரிலக்டன்ட்னு அர்த்தம்" என்றான் அண்ணன். "அப்பாவே சொல்லிக்கொடுத்ததுதானே? ரிலக்டன்ட்னா மனசு வராது, ஆனா செய்வாங்க. போன்லயும் மனசில்லாமத்தான் சரின்னாரு. இப்பவும் மனசில்லாம முகத்தைத் திருப்புறாரு. கொடுக்க மாட்டேன்னு எப்பச் சொன்னாரு?"

ஒரு வீடு, ஓர் இங்கிலீஷ் வார்த்தையின் முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் படித்த காலத்தில் அந்த வார்த்தை தேர்வில் வந்து, நான் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அப்போது யாருக்கும் நஷ்டமில்லை.

*

ஸ்டூடியோ என்றால் பின்கட்டில் ஓர் அறை. எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகள், கதவில் பழைய மெத்தை. நடுவில் ஸ்டாண்டில் ஒரு மைக். தரையில் அதைச் சுற்றி வெள்ளை பெயிண்டில் காலடித் தடங்கள், நடனம் கற்றுக்கொடுக்கிற இடம் மாதிரி.

"அப்பா இங்கிலீஷ் வாத்தியார்" என்றாள் மகள். "பள்ளிக்கூடத்துல இல்ல, கேசட்டுல. ஒரு வார்த்தைக்கு ஒரு குட்டி நாடகம். தமிழ்லதான் நடிப்பாங்க, கடைசில அந்த இங்கிலீஷ் வார்த்தை வரும். ஊரே டேப்பை மறந்த பிறகும் அவர் விடல. நான்தான் அதையெல்லாம் போன்ல கேக்குற மாதிரி மாத்திட்டிருக்கேன்."

"காலடி எதுக்கு?" என்றேன்.

"உணர்ச்சியைத் தொண்டையில வச்சா வயித்துவலி மாதிரி கேக்கும்னு சொல்வாரு. நிக்குற இடத்துல வைக்கணும். ஆசைன்னா மைக்கை முட்டுற மாதிரி நிக்கணும். பயம்னா பின்னாடி. ரிலக்டன்ட்னா..." அவள் ஒரு தடத்தில் ஏறி நின்றாள். மைக்குக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்து, "ச...ரி" என்றாள். பிறகு மெல்லத் திரும்பி மைக்கருகே வந்து, "எடுத்துக்கோ" என்றாள். "இப்படி. முகம் போகும், அப்புறம் திரும்பி வரும். மனசு வராதவன் கடைசில வந்து நிக்கிறான் பாருங்க, அதுதான் அந்த வார்த்தைன்னு சொல்வாரு. அதுக்குத் தமிழ்ல தயக்கம்னு போட்டா அவருக்குக் கோபம் வரும். தயங்குறவன் செய்யாமலும் போகலாம், இவன் செஞ்சே தீருவான், முனகிக்கிட்டே."

"செய்யவே மாட்டேன்னா?"

"அது அன்வில்லிங். வேற கேசட்டு. அதுல கடைசி வரைக்கும் சுவரைப் பார்த்தே நிப்பாரு, வெறும் டேப்புதான் ஓடும். கேசட் கெட்டுப்போச்சுன்னு பாதிப் பேர் கடைல திருப்பிக் கொடுத்துட்டாங்க."

பாஸ் அந்த அறையில் இருந்த ஒரே சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்துவிட்டால் வழக்கு நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

"வாயாடி, உன் போனை எடுத்துக் காதுல வை. இப்ப சுவர்ப்பக்கம் திரும்பு."

திரும்பினேன்.

"போன் எங்கே இருக்கு?"

"காதுலதான்." சொன்ன பிறகுதான் உறைத்தது. என்னோடு போனும் திரும்பியிருந்தது. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அது என் வாய்க்குப் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. என் முகம் போன இடத்துக்கெல்லாம் வந்த ஒரே ஜீவன் அதுதான்.

"போன்ல பேசுறவர் தள்ளிப்போய்க் கிட்ட வர முடியாது" என்றார் பாஸ். "இவர் குரல் தள்ளிப்போய்த் திரும்பி வருது. அதாவது அவர் திரும்பினாரு, மைக் திரும்பல. அந்தச் சரி கூடத்துல சொன்னதில்ல. இந்தத் தடத்துல நின்னு சொன்னது."

மகள் வாய் பிளந்தாள். "எனக்கு ஏன் தோணல?"

"இந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தீங்க. மனசு வராம ஒருத்தர் பேசினா அப்படித்தான் கேக்கும்னு நினைச்சுட்டீங்க. வெளியில யாரும் அப்படிப் பேசுறதில்லம்மா. நான் தினமும் மனசில்லாமத்தான் பேசுறேன், சுவரைத் தேடிப் போறேனா?"

உடனே ரிலக்டன்ட் கேசட்டை எடுத்துப் போட்டோம். நான் அதற்குள் மனதுக்குள் வெற்றி ஊர்வலம் கிளப்பிவிட்டேன். பக்கத்துக்கடை தையல்காரர் குடையை இரவல் கேட்கிறார். அப்பாவின் குரல் சுவருக்குப் போகிறது, திரும்புகிறது. "ச...ரி. எடுத்துக்கிட்டுப் போங்க."

போங்க. ஊர்வலம் அங்கேயே நின்றது. நம் பதிவில் இருப்பது எடுத்துக்கோ. தையல்காரருக்குக் கொடுத்த மரியாதை அதில் இல்லை.

"அப்ப இது இல்ல" என்றேன். "யாரோ சின்ன ஆளுக்குச் சொன்னது. உங்கண்ணனுக்கே சொன்னதா இருந்தா?"

மகள் பயந்ததும் அதைத்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

"சரியா வராத ஒலிப்பதிவை உங்கப்பா என்ன செய்வாரு?" என்று கேட்டார் பாஸ்.

"தூக்கிப் போட மாட்டாரு. அதுக்குன்னு ஒரு பிஸ்கட் டின் இருக்கு." அலமாரிக்கு மேலிருந்து இறக்கினாள். உள்ளே கேசட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. எதிலும் ஓர் எழுத்து கிடையாது. "பேரும் எழுத மாட்டாரு. தோத்ததைத் திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு ரீவைண்டும் பண்ண மாட்டாரு. கடைசி வரைக்கும் ஓட விட்டு அப்படியே போட்டுடுவாரு."

"எல்லாத்தையும் கேக்கணும்னா எனக்குக் கல்யாண வயசு தாண்டிடும்" என்றேன்.

பாஸ் கேட்கவில்லை, பார்த்தார். ஒவ்வொரு கேசட்டாக வெளிச்சத்தில் பிடித்தார். எல்லாவற்றிலும் டேப் முழுக்க வலப்பக்கச் சக்கரத்தில் தடியாகச் சுற்றியிருந்தது. ஒன்று மட்டும் பாதியில் நின்றது, இரண்டு பக்கமும் சமமாக.

"உங்கண்ணன் வந்ததுலேருந்து எங்கே படுக்குறாரு?"

"இங்கேதான். கூடத்துல புழுக்கம்னு..." அவள் நிறுத்தினாள்.

"தோத்ததைத் திருப்பிக் கேக்கக் கூடாதுன்னு உங்கப்பா சொன்னது சரிதான்" என்றார் பாஸ். "கேட்டவர் நிறுத்தின இடத்துலயே நிக்குது பாருங்க. இங்கே போட வேண்டாம். கூடத்துல போடலாம்."

*

சித்தப்பா வந்துவிட்டிருந்தார். கடிகாரக் கடைக்காரர். மை டப்பாவைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருந்தார். கெட்டவர் இல்லை. தன் அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவர், அவர் வாக்கைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பி வந்தவர். அதுதான் ஆபத்து. கெட்ட ஆளாக இருந்தால் பேரம் பேசியிருக்கலாம்.

"எங்கண்ணன் சொல்லிட்டாரு, நான் செய்யுறேன். எனக்கும்தான் மனசு வரல" என்றார்.

"வீடே ரிலக்டன்ட்" என்று முணுமுணுத்தேன். பாஸ் என் காலை மிதித்தார்.

பாஸ் முதலில் தையல்காரர் கேசட்டைப் போட்டுக் குரல் போய்த் திரும்புவதைக் காட்டினார். பிறகு போன் பதிவைக் காட்டினார். ரிசீவர் விஷயத்தையும் சொன்னார். அண்ணன் முகம் மாறவில்லை.

"ரிசீவரைத் தள்ளிப் பிடிச்சிருப்பாரு. மனசு வராதவங்க தள்ளித்தான் பிடிப்பாங்க."

"இருக்கலாம்" என்றார் பாஸ். பாதியில் நின்ற கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டார். அதைப் பார்த்ததும் அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. "நான் ரீவைண்ட் பண்ணல. உங்க கேள்வியைக் கேட்டுட்டு, பதிலுக்கு இதை ஓட விட்டுப் பதிவு பண்ணி, நீங்க நிறுத்தின இடத்துலேருந்தே போடுறேன்."

பட்டனை அழுத்தினார்.

சிரிப்பு. ஒரு மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு விசிலோடு, அடக்க முடியாமல் சிரிக்கிற சிரிப்பு. கூடமே அதில் நிறைந்தது. அப்பாவின் குரல் சிரிப்புக்கு நடுவே சொன்னது: "அடி போடி! உன்கிட்ட எனக்கு ரிலக்டன்ட் வரவே மாட்டேங்குது. எதைக் கேட்டாலும் சந்தோஷமா கொடுத்துத் தொலைக்கிறேன். போய் அந்தத் தையல்காரரைக் கூட்டிட்டு வா."

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது பாஸ் கொஞ்சம் பின்னால் ஓட்டினார். பள்ளிக்கூட வயதுப் பெண் குரல் ஒன்று வந்தது. "அப்பா, உங்க மைக்கை நான் எடுத்துக்கட்டுமா?" இடைவெளி. குரல் சுவருக்குப் போனது. "ச...ரி." திரும்பி வந்தது. "எடுத்துக்கோ." உடனே அதே சிரிப்பு.

"என் குரல்" என்றாள் மகள். "எனக்கு ஞாபகமே இல்ல. எனக்குச் சொன்னது. அது எனக்குச் சொன்னது சித்தப்பா."

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நானும் மூக்கை உறிஞ்சினேன். முட்டை அட்டைத் தூசி.

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தேன். அப்புறம் அதில் விசில் கேட்டது. வாதம் வந்த நாளிலிருந்து ஒரு சத்தமும் எழுப்பாத மனிதர், தன் பழைய சிரிப்பைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கோணலான சிரிப்புதான். ஆனாலும் அது அவருடையதேதான்.

சித்தப்பா எழுந்து நின்றார். பாஸ் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"போன வாரம் நீங்க கேட்டப்ப முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாரே. அப்புறம் திரும்பி வந்துச்சா?"

சித்தப்பா யோசித்தார். "இல்ல. நாங்க ரூமை விட்டு வர்ற வரைக்கும் சுவரைத்தான் பார்த்திட்டிருந்தாரு."

"அப்ப அது வேற கேசட்டு" என்றார் பாஸ்.

மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். சித்தப்பா மை டப்பாவை மறுபடி துண்டில் சுற்றினார். கை அவசரத்தில் விரலில் மை ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்கத் தோன்றாமல் அண்ணன் மகனைப் பார்த்தார்.

"ஏண்டா?"

"கேட்டிருந்தா கொடுத்திருப்பாரு" என்றான் அவன். குரல் அவனுக்கே கேட்கவில்லை. "அவளுக்குச் சிரிச்சுக்கிட்டே கொடுப்பாரு. எனக்கு மனசில்லாமயாவது கொடுத்திருப்பாருன்னு நினைச்சேன்."

எனக்குக்கூட ஒரு வார்த்தை வரவில்லை, அது எங்கள் ஆபீஸ் வரலாற்றில் முதல் தடவை.

"ஒரு சந்தேகம்" என்றார் பாஸ். "வேலை முடிஞ்சதும் அந்தக் கேசட்டைச் சாக்கடையில போட்டிருந்தீங்கன்னா எனக்கு இன்னைக்கு வேலையே இருந்திருக்காது. ஏன் டின்லயே வச்சீங்க?"

அண்ணன் டேப் ரெக்கார்டரைப் பார்த்தான். "போடத்தான் எடுத்தேன். சந்து முனை வரைக்கும் போனேன். அதுல அப்பா சிரிப்பு இருக்கு. வேற எதுலயும் இல்ல, நான் தேடிப் பார்த்தேன். மனசு வரல."

மகள் கண்ணைத் துடைத்தாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் அகராதி முழுக்கத் திட்டியிருப்பேன்.

"அண்ணா, அப்பா முழிச்சுட்டிருக்காரு. நீ செஞ்சதை நீயே போய்ச் சொல்லு. இவங்க யாரும் சொல்ல வேண்டாம். சொல்லிட்டுச் சோறு ஊட்டிட்டு வா."

அவன் வாசல்பக்கம் திரும்பினான். எங்களுக்கு முதுகு தெரிந்தது. சந்தும், அதற்கு அப்பால் தெருவும் திறந்துதான் கிடந்தன. போய்விடுவான் என்று நினைத்தேன். தையல் மெஷின் கடகடவென்று ஓடி நின்றது. அவன் அப்படியே நின்றான்.

பிறகு, கதவைப் பார்த்தபடியே, "ச...ரி" என்றான்.

மெல்லத் திரும்பினான். தங்கை நீட்டிய தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனான்.

பாஸ் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாயாடி, அந்த வார்த்தைக்கு அர்த்தம் புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது பாஸ்."

"அப்ப விளக்காதே" என்றார். உள் அறையில் ஸ்பூன் தட்டில் படுகிற சத்தம் கேட்கும்வரை வாசலிலேயே நின்றுவிட்டு, மனசில்லாமல் படியிறங்கினார்.